புரட்டாசியும் மீல் மேக்கரும் வயிற்றுப் பொருமலும்: இறைச்சிக்கு மாற்றான உணவுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் வீட்டிலிருந்தபடியே சாப்பாடு சமைத்துக் கொடுக்கிறேன். ஆவணி முடிகிற வாரத்தில் கோழியும் ஆடும் என் ஆர்டர் நோட்டிலிருந்து இறங்கிவிடும். புரட்டாசி பிறந்ததும் அந்த இடத்தில் மீல் மேக்கர் பிரியாணியும் காளான் சுக்காவும் பலாமூசு (பிஞ்சுப் பலா) வறுவலும் ஏறிக்கொள்ளும். கூடவே வயிற்றுப் புகார்களும் ஏறும். "அக்கா, ருசி குறை சொல்ல முடியாது, ராத்திரி முழுக்க வயிறு மத்தளம்தான்" என்பார்கள். ஆண்டுதோறும் அதே கேள்விகள் வருவதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

நான் மருத்துவர் இல்லை. எனக்கு ஐ.பி.எஸ். உண்டு. காவல்துறைப் பதவி அல்ல. குடல் எரிச்சல் நோய்க்குறி என்று குடல் மருத்துவர் எழுதிக்கொடுத்த ஐ.பி.எஸ். என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, அதற்குப் பிறகு வயிறு என்ன சொன்னது என்று ஒரு நோட்டில் எழுதச் சொன்னார் அவர். எட்டு வருடமாக எழுதுகிறேன். அந்த நோட்டும், அதன் பொருட்டுத் தேடிப் படித்ததும்தான் இங்கே இருப்பவை.

இறைச்சிக்கு மாற்று என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

இது புதிய பழக்கம் என்று நினைப்பவர்கள் பாட்டியின் சமையலறையை மறந்துவிட்டார்கள். பச்சைப்பயற்றை ஊறவைத்து அரைத்து, இட்லித் தட்டில் அவித்து, துண்டு போட்டு மிளகுக் குழம்பில் இறக்கினால் சைவ ஈரல். வாழைக்காயைச் சீவி மீன் மசாலா தடவி வறுத்தால் சைவ மீன். வாழைப்பூவில் கோலா உருண்டை. இவை ஒரு தலைமுறை.

அடுத்தது மீல் மேக்கர். ஒரு வணிகப் பெயர்தான், நம் ஊரில் பொருளுக்கே பெயராகிவிட்டது. இலங்கையில் இதையே சோயாமீட் என்கிறார்கள். எண்ணெய் பிழிந்தெடுத்த சோயா மாவை, சூட்டிலும் அழுத்தத்திலும் இயந்திரத்தின் சிறு துளை வழியே தள்ளும்போது பொரிந்து, பஞ்சு போல நார்நாராக வருவது இது. பிறகு சோயாப்பாலைத் திரித்துச் செய்யும் டோஃபு, சோயாவைப் பூஞ்சையால் புளிக்கவைத்துச் செய்யும் டெம்பே, கோதுமைப் பசையில் செய்யும் சைவ மட்டன், காளான், பலாமூசு. கடைசியாக உறைபெட்டியில் வரும் பர்கர் வட்டங்களும் நகெட்டுகளும்.

பெயர்களை அடுக்குவதற்குக் காரணம் இருக்கிறது. "சோயா எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று ஒருவர் சொன்னால், எந்தச் சோயா என்று நான் திருப்பிக் கேட்பேன். மீல் மேக்கரும் டோஃபுவும் ஒரே பயற்றில் பிறந்தவை. வயிற்றுக்குள் போனால் சொந்தக்காரர்கள் என்றே தெரியாது.

மீல் மேக்கர் சாப்பிட்டால் வாயு சேர்வது ஏன்?

பழி முழுக்கப் புரதத்தின் மேல் விழுகிறது. உண்மையில் குற்றவாளி சர்க்கரை. சோயாவில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று இரண்டு சர்க்கரைகள் இருக்கின்றன. கொண்டைக்கடலை, மொச்சை, துவரை ஆகியவற்றிலும் இந்தக் குடும்பம் உண்டு. இவற்றை உடைக்கும் ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் என்ற நொதி மனிதனின் சிறுகுடலில் கிடையாது. உங்களுக்கு, எனக்கு என்றில்லை, யாருக்குமே கிடையாது.

ஆகவே அவை உடையாமல் பெருங்குடல் வரை போய்ச் சேர்கின்றன. அங்கே காத்திருக்கும் கோடானுகோடி பாக்டீரியாக்களுக்கு அது விருந்து. நம் இட்லி மாவு பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதே புளிப்பேறும் வேலைதான் உள்ளே நடக்கிறது. ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும், சிலருக்கு மீத்தேனும் உண்டாகின்றன. பாத்திரத்தில் பொங்கினால் மூடியைத் திறந்துவிடலாம். வயிற்றில் பொங்கினால் பொருமல்.

எல்லோருக்கும் வாயு உண்டாகிறது, எல்லோரும் வேதனைப்படுவதில்லை. என்னைப் போன்ற குடல்காரர்களுக்கு அதே அளவு வாயுவே வலியாக உணரப்படுகிறது. "அவர் இரண்டு தட்டு சாப்பிட்டார், ஒன்றும் ஆகவில்லையே" என்று ஒப்பிட்டுப் பயனில்லை.

ஊறவைத்துப் பிழிந்தால் சரியாகிவிடுமா?

ஓரளவு. அந்தச் சர்க்கரைகள் தண்ணீரில் கரைபவை என்பதால் தண்ணீரோடு ஒரு பங்கு வெளியேறும். முழுக்கப் போகாது. ஆனால் பலரும் இந்த வேலையை அரைகுறையாகச் செய்கிறார்கள் என்பது என் குற்றச்சாட்டு. குழம்பு கொதிக்கும்போது காய்ந்த உருண்டைகளை அப்படியே உள்ளே கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியே போகவேண்டியது அத்தனையும் குழம்பிலேயே தங்கிவிடுகிறது.

நான் செய்வது இப்படி. நிறையத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, உருண்டைகளைப் போட்டு, அடுப்பை அணைத்து மூடிவிடுவேன். பதினைந்து நிமிடம் கழித்துத் திறந்தால் தண்ணீர் கலங்கிய மஞ்சள் நிறத்தில் இருக்கும், மேலே சோப்பு நுரை போல ஒரு படலம், பச்சைப் பயற்று வாடை மூக்கில் அடிக்கும். வடித்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பத்துப் பதினைந்து உருண்டைகளைச் சேர்த்து உள்ளங்கையால் அழுத்துவேன். முதல் பிழிவில் வரும் நீர் பழுப்பாக, சற்றே வழவழப்பாக இருக்கும். பச்சைத் தண்ணீர் ஊற்றி மறுபடி பிழிவேன். மூன்றாம் பிழிவில் நீர் ஏறக்குறையத் தெளிந்துவிடும், வாடையும் போயிருக்கும். அதற்குமேல் பிழிந்தால் கைவலிதான் மிச்சம்.

மசாலா பிடிக்கவேண்டும் என்றாலும் இந்தப் பிழிவு தேவை. பஞ்சில் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருந்தால் குழம்பு எங்கே ஏறும்?

எவ்வளவு சாப்பிடலாம்?

பெரும்பாலான தொந்தரவு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. காய்ந்த மீல் மேக்கர் 100 கிராமில் ஏறக்குறைய 52 கிராம் புரதமும் 13 கிராம் நார்ச்சத்தும் இருப்பதாகப் பாக்கெட்டின் பின்புறத்தில் போட்டிருப்பார்கள். கொழுப்பு அரை கிராம்தான். அதைப் படித்துவிட்டு, "கோழியைவிட இரண்டு மடங்கு புரதம்" என்று உடற்பயிற்சிக் கூடத்துத் தம்பிகள் தட்டு நிறையச் சாப்பிடுகிறார்கள். அந்தக் கணக்கு காய்ந்த எடைக்கானது. என் தராசில் 50 கிராம் உருண்டை ஊறிப் பிழிந்தபின் 150 கிராமுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆக, சமைத்த 100 கிராமில் புரதம் 17 கிராம் அளவில்தான் தேறும்.

நார்ச்சத்தையும் பாருங்கள். இறைச்சியில் நார்ச்சத்து சுத்தமாகக் கிடையாது. நேற்றுவரை மட்டன் தின்ற குடலுக்கு இன்று காய்ந்த எடையில் 100 கிராம் மீல் மேக்கரைக் கொடுத்தால், ஒரே வேளையில் 13 கிராம் நார், அதோடு அந்தச் சர்க்கரைகள். முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்கு இருபது விருந்தாளிகள் வந்த நிலைமை.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு முதல் வாரம் காய்ந்த எடையில் 15 கிராம், அதாவது ஒரு சிறிய கைப்பிடி போதும் என்பேன். வாரத்தில் இரண்டு நாள். வயிறு ஒன்றும் சொல்லவில்லையென்றால் அடுத்த வாரம் 25, பிறகு 40. நான் எட்டு வருடமாக 30 கிராமைத் தாண்டுவதில்லை. தாண்டிய நாட்கள் நோட்டில் சிவப்பு மையில் இருக்கின்றன.

எனக்குச் சாப்பிட்ட அரை மணி நேரத்திலேயே வயிறு கனத்துவிடுகிறது. இதுவும் அந்தச் சர்க்கரையால்தானா?

இருக்காது. கடிகாரம் இங்கே நல்ல துப்பறிவாளன். சோயாவின் சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்ச் சேரவே பல மணி நேரம் ஆகும். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டவருக்கு மாலை ஐந்து, ஆறு மணிக்குப் பொருமல் தொடங்கினால் அந்தச் சர்க்கரையைச் சந்தேகிக்கலாம். இலையை விட்டு எழுந்ததும் ஏப்பம், நெஞ்செரிச்சல், கனம் என்றால் எண்ணெய், காரம், அளவு, அவசரம் ஆகியவற்றைப் பாருங்கள்.

எங்கள் தெருவில் ஒரு மாமா, "சோயாவே விஷம்" என்று தீர்ப்பு எழுதியிருந்தார். அவர் சாப்பிட்டதெல்லாம் மீல் மேக்கர் 65. ஒரு நாள் அவருக்காகப் பொரித்தபோது எண்ணெயை அளந்துதான் ஊற்றினேன். பொரித்து முடித்ததும் சட்டியில் நான்கு கரண்டி குறைந்திருந்தது. மாவு பூசிய பஞ்சை எண்ணெயில் போட்டால் வேறென்ன ஆகும்? கொழுப்பே இல்லாத பொருள் எண்ணெய் மூட்டையாக மாறிவிடுகிறது. கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் இறங்கும், அதுதான் அந்தக் கனம். அடுத்த முறை அதே உருண்டையை மிளகுக் குழம்பில் போட்டுக் கொடுத்தேன். பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது, புகார் வரவில்லை. தீர்ப்பை மட்டும் அவர் இன்னும் திரும்பப் பெறவில்லை.

வெங்காயமும் பூண்டும் காரணமாக இருக்குமா?

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்கவேண்டும், கேட்பவர் சிலர்தான். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரிலுள்ள மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குடலில் எளிதில் புளித்து வாயு உண்டாக்கும் சர்க்கரை வகைகளுக்கும் சர்க்கரைத் தொடர்களுக்கும் சேர்த்து ஃபாட்மேப் என்று ஒரு பெயர் கொடுத்து, எந்த உணவில் எவ்வளவு என்று அளந்து பட்டியலிட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் முன்வரிசையில் நிற்பவை வெங்காயமும் பூண்டும். அவற்றில் உள்ள ஃப்ரக்டான் என்ற சர்க்கரைத் தொடரையும் நம்மால் செரிக்க முடியாது.

இறைச்சியின் ருசியைக் கொண்டுவர வேண்டும் என்று நாம் என்ன செய்கிறோம்? ஒரு கிலோ பிரியாணிக்கு அரைக் கிலோ வெங்காயம், இரண்டு முழுப் பூண்டு. வதங்கிச் சுண்டிய வெங்காயம் கண்ணுக்குத் தெரியாது, குடலுக்குத் தெரியும். உறைபெட்டி நகெட்டுகளிலும் வெங்காயத் தூள், பூண்டுத் தூள் இல்லாதவை அபூர்வம்.

இதைச் சோதிக்கப் புரட்டாசியே வசதி செய்து தருகிறது. சனிக்கிழமைகளில் பல வீடுகளில் வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை. ஒரு சனிக்கிழமை அதே 20 கிராம் மீல் மேக்கரை மிளகு, சீரகம், இஞ்சி, தேங்காய் மட்டும் அரைத்துச் செய்து சாப்பிடுங்கள். மறு புதன்கிழமை அதே அளவை வெங்காயம், பூண்டோடு செய்யுங்கள். வேறு எதையும் மாற்றாதீர்கள். என் நோட்டில் இந்தச் சோதனைக்குப் பிறகுதான் எனக்கே வெளிச்சம் வந்தது. அதுவரை மூன்று வருடம் நான் பழிபோட்டுக்கொண்டிருந்தது மீல் மேக்கரின் மேல். என் வயிற்றைப் பாதிக்குமேல் படுத்தியது பூண்டு.

பூண்டு வாசனை இல்லாமல் சுக்கா இறங்காது என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. முழுப் பூண்டுப் பற்களை எண்ணெயில் பொன்னிறமாக வதக்கி, பற்களை எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளியுங்கள். வாசனை எண்ணெயில் இருக்கும், தொந்தரவு பற்களோடு போய்விடும். தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே பற்களை எடுத்துவிட வேண்டும் என்பது முக்கியம்.

டோஃபுவும் டெம்பேவும் இதைவிட எளிதாகச் செரிக்குமா?

பெரும்பாலோருக்கு ஆம். சோயாப்பாலைத் திரித்து, துணியில் கட்டி, பாரம் வைத்து நீரை வடிப்பதால் சர்க்கரைகளில் பெரும்பங்கு அந்த நீரோடு போய்விடுகிறது. அதனால் அழுத்தமான டோஃபு என்னைப் போன்றவர்களுக்கும் ஒத்துப்போகிறது. தயிர்போல ஆடும் மெல்லிய டோஃபு வேறு சங்கதி, அதில் நீர் வடிக்கப்படுவதில்லை. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், பார்த்து எடுங்கள்.

டெம்பே ஜாவாத் தீவின் கைவண்ணம். சோயாவை ஊறவைத்து, தோல் நீக்கி, வேகவைத்து, ரைசோபஸ் என்ற பூஞ்சையைத் தூவி, ஒன்றிரண்டு நாள் கதகதப்பில் விட்டால், வெள்ளைப் பூஞ்சை இழைகள் பயறுகளைக் கட்டியாகப் பிணைத்துவிடும். ஊறவைத்த நீரோடு கொஞ்சம், பூஞ்சையின் பசிக்குக் கொஞ்சம் என்று அந்தச் சர்க்கரைகள் குறைந்துவிடுகின்றன. மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்கள் சம்பல் போட்டு வறுத்துச் சாதாரணமாகச் சாப்பிடுகிறார்கள். மதுரையில் எளிதில் கிடைப்பதில்லை என்பது என் வருத்தம். கிடைத்தால் பச்சையாகச் சாப்பிடாமல் நன்றாக வேகவைத்தோ வறுத்தோ சாப்பிடுங்கள்.

மலேசியாவிலிருந்து வந்த உறவினர் சைவ மட்டன் பாக்கெட் கொண்டுவந்தார். அது என்ன? வயிற்றுக்கு எப்படி?

சீனச் சைவ உணவு மரபிலிருந்து வந்தது. தைப்பூச விரதத்திலும் புரட்டாசியிலும் மலேசியத் தமிழர் வீடுகளில் அதை வறுவலாகவும் பிரட்டலாகவும் செய்வார்கள். பாக்கெட்டுக்குப் பாக்கெட் சரக்கு மாறும். சிலவற்றில் சோயாவும் கோதுமைப் பசையும், சிலவற்றில் காளான் தண்டு.

கோதுமைப் பசை என்பது குளூட்டன். மாவைப் பிசைந்து தண்ணீரில் அலசிக்கொண்டே இருந்தால் மாவுச்சத்து வெள்ளையாகக் கரைந்து போய், ரப்பர் போல ஒரு உருண்டை மிஞ்சும். வீட்டில் செய்து பார்த்தேன், ஆறு தண்ணீர் மாற்றவேண்டியிருந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சப்பாத்தி சாப்பிட்டால் பொருமுகிறது என்கிற சிலருக்கு இந்தக் கோதுமைப் பசை ஒன்றும் செய்வதில்லை, ஏனென்றால் கோதுமையின் ஃப்ரக்டான் அலசிய நீரோடு போய்விட்டது. அவர்களைப் படுத்தியது குளூட்டன் இல்லை என்று அப்போது தெரியும்.

ஆனால் சீலியாக் நோய் உள்ளவர்கள் இதன் பக்கமே போகக்கூடாது. அவர்களுக்கு இது சிறுகுடலின் உட்சுவரையே சேதப்படுத்தும். அப்படிப்பட்டவர்கள் கூட்டுப் பெருங்காயத் தூளின் லேபிளையும் பார்க்கவேண்டும், அதில் கோதுமை மாவு கலப்பது வழக்கம்.

காளானும் பலாமூசும்?

மொட்டுக் காளானில் மேனிட்டால் என்ற சர்க்கரைச் சத்து அதிகம், சிலருக்கு அது வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். சிப்பிக் காளான் அந்த வகையில் சாது. நார்நாராகக் கிழித்து வறுத்தால் ருசியும் கூடுதல். என் சுக்காவுக்குச் சிப்பிதான்.

பலாமூசை, கன்னியாகுமரிப் பக்கத்து இடிச்சக்கையை, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் இறைச்சி நார் என்றே தோன்றும். ஆனால் அதில் புரதம் பெயருக்குத்தான் இருக்கிறது. இறைச்சியின் இடத்தை நாக்கில் பிடிக்கும், உடலில் பிடிக்காது. கூடவே பருப்போ பயறோ வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் பர்கர் வகைகள் வயிற்றுக்கு நல்லவையா கெட்டவையா?

இரண்டு பெயர்கள் அதிகம் அடிபடுகின்றன: பட்டாணிப் புரதத்தில் செய்யும் பியாண்ட் மீட், சோயாப் புரதத்தில் செய்யும் இம்பாசிபிள். இவற்றில் பயன்படுவது மாவு அல்ல, பிரித்தெடுத்த புரதம். ஆகவே வாயுச் சர்க்கரை மீல் மேக்கரைவிடக் குறைவு. வெங்காயம், பூண்டுத் தூளும் கொழுப்பும்தான் பார்க்கவேண்டியவை.

லேபிளில் மெத்தில் செல்லுலோஸ் என்று பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். மற்ற பசைகள் பெரும்பாலும் ஆறினால் இறுகும். இது சூட்டில் இறுகி, ஆறினால் இளகும். அடுப்பில் வட்டம் உதிராமல் இருப்பது அதனால்தான். அமெரிக்காவில் மலச்சிக்கலுக்குத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் தூளாக இதே பொருளை விற்கிறார்கள். குடல் பாக்டீரியா இதைப் புளிக்கவைப்பதில்லை, ஆகவே வாயு சேராது. பர்கரில் சிறிதளவே இருக்கிறது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 36 பேரை எட்டு வாரம் இறைச்சியும் எட்டு வாரம் இந்தத் தாவர வகையும் சாப்பிடவைத்துப் பார்த்தார்கள். 2020இல் முடிவு வந்தது. குடல் பாக்டீரியாவின் துணையோடு உடலில் உருவாகி, இதயநோயோடு தொடர்புபடுத்தப்படும் டி.எம்.ஏ.ஓ. என்ற பொருளும், கெட்ட கொழுப்பும் தாவர உணவுக் காலத்தில் குறைவாக இருந்தன. செலவுக்குப் பணம் தந்தது பியாண்ட் மீட் நிறுவனம் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இங்கிலாந்தின் க்வார்ன் தனிக்கதை. மார்லோ என்ற ஊரின் மண்ணில் 1967இல் கண்டெடுத்த பூஞ்சையைத் தொட்டியில் வளர்த்து, 1985இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்வதில்லை. ஒரு சிலருக்குச் சில மணி நேரத்தில் கடுமையான வாந்தி வந்ததாகப் புகார்கள் பதிவாகியுள்ளன. அமெரிக்க லேபிளில் இது பூஞ்சை என்றும் அரிதாக ஒவ்வாமை ஏற்பட்டிருக்கிறது என்றும் எச்சரிக்கை போடுகிறார்கள். லண்டனில் இருக்கும் பிள்ளைகள் முதல் தடவை சாப்பிடும்போது கொஞ்சமாகத் தொடங்கட்டும். பல வகைகளில் முட்டை வெள்ளைக்கரு சேர்க்கிறார்கள் என்பதை விரதக்காரர்கள் கவனிக்கவும்.

பெருங்காயம், ஓமம், இஞ்சி சேர்த்தால் வாயு சேராதா?

என் அம்மா எந்தப் பயறு வெந்தாலும் கட்டிப் பெருங்காயத்தை நுணுக்கிப் போடுவார். நானும் போடுகிறேன். ஆனால் பெருங்காயம் ராஃபினோஸை உடைக்காது. சாப்பிட்டபின் ஓம நீர் குடித்தால் இதமாக இருக்கிறது, ஏப்பம் வெளியேறுகிறது. அந்த அளவில் அதை மதிக்கிறேன். பெருங்காயம் போட்டாயிற்றே என்று இரண்டாம் தட்டு வாங்குவதுதான் தவறு. அந்தச் சர்க்கரையை உண்மையிலேயே உடைக்கும் ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் நொதி மாத்திரையாக வருகிறது. முதல் கவளத்தோடு சாப்பிடவேண்டும், பொருமல் வந்தபின் விழுங்கிப் பயனில்லை. தேவையா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

நாளடைவில் வயிறு பழகிக்கொள்ளுமா?

பலருக்குப் பழகுகிறது. பயறு வகைகளைத் தினமும் கொஞ்சமாகச் சாப்பிட்டு வந்தால் இரண்டு மூன்று வாரங்களில் வாயுத் தொல்லை குறைவதைக் காண்கிறார்கள். குடலில் வாழும் பாக்டீரியாக்களின் கூட்டம் வரும் உணவுக்கு ஏற்ப மாறுகிறது. புரட்டாசியின் கடைசி வாரத்தில் எனக்குப் புகார் குறைவதற்கு அதுவும் ஒரு காரணம். ஐப்பசி முதல் நாளே கோழிக்கடைக்கு ஓடிவிடுவதால், அடுத்த புரட்டாசியில் மறுபடி முதலிலிருந்து! வருடம் முழுக்க வாரம் ஒரு நாள் கொஞ்சம் சாப்பிட்டு வைத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

எனக்கு வாயு இல்லை, மலச்சிக்கல்தான் வருகிறது.

தண்ணீர் குறைவு. காய்ந்த உருண்டை எப்படிப் பாத்திரத்தில் தண்ணீரை உறிஞ்சுகிறதோ, அப்படித்தான் நார்ச்சத்துக்குக் குடலிலும் தண்ணீர் தேவை. இன்னொன்று, தட்டில் மீல் மேக்கரும் சோறும் மட்டுமே இருந்தால் போதாது. ஒரு கீரை, ஒரு நாட்டுக்காய். வயதானவர்களுக்குப் பெரிய உருண்டை ரப்பராக இருக்கும், மெல்லாமல் விழுங்கிவிடுவார்கள். அவர்களுக்குக் குருணை வகையை வாங்கிக் குழைய வேகவையுங்கள்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சோயா சாப்பிடலாமா?

சாப்பிடலாம், மாத்திரையோடு சேர்த்து வேண்டாம். அந்த மாத்திரையிலுள்ள லெவோதைராக்சின் என்ற மருந்து உடலில் சேர்வதைச் சோயா தடுக்கக்கூடும். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, மதியம் மீல் மேக்கர் என்று இடைவெளி விடுங்கள். ஒரு மாதம் தினமும், பிறகு சுத்தமாக இல்லை என்று தாவாமல் அளவைச் சீராக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இரத்தப் பரிசோதனையின்போது மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆண்களுக்குச் சோயா ஆகாதாமே?

பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், வழக்கமான அளவில் சாப்பிடும் ஆண்களுக்கு ஆண்மை ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறையவில்லை. வயிற்றைப் பற்றிக் கேளுங்கள், பதில் சொல்கிறேன்.

ஒத்துக்கொள்ளாமைக்கும் ஒவ்வாமைக்கும் என்ன வேறுபாடு?

பொருமல், வாயு, இரைச்சல் ஆகியவை ஒத்துக்கொள்ளாமை. அளவைக் குறைத்தால் குறையும். சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பில் தடிப்பு, அரிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல், தொடர் வாந்தி வந்தால் அது ஒவ்வாமை. அங்கே அளவுக் கணக்கு செல்லாது, துளியே போதும். உடனே மருத்துவமனைக்குப் போங்கள், ஓமம் தேடாதீர்கள். நிலக்கடலை ஒவ்வாமை உள்ள சிலருக்குச் சோயா, பட்டாணி வகைகளும் ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டு. பட்டாணிப் புரதம் இப்போது எதிர்பாராத பொருட்களிலெல்லாம் இருப்பதால் லேபிளைப் படியுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போகவேண்டும்?

மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி அல்லது பேதி, காய்ச்சல், இரத்தசோகை, ஐம்பது வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கிய மாற்றம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மீல் மேக்கரைக் குற்றம் சாட்டி நாளைக் கடத்தாதீர்கள். என்னிடம் ஒருவர் இரண்டு மாதம் "உங்கள் பிரியாணிதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பித்தப்பையில் கல்.

பிழிந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா?

உப்புப் போடாமல் ஊறவைத்திருந்தால், ஆறியபின் ஊற்றலாம். வாரத்துக்கு ஒரு முறைக்குமேல் வேண்டாம். மண் புளித்து, கொசு மொய்க்கும். என் கறிவேப்பிலைச் செடிக்குப் புரட்டாசியில் இதுதான். அதற்கு இதுவரை பொருமல் வந்ததாகத் தெரியவில்லை.